மூன்று முறை பெயர்த்த தண்டவாளம்

யார்டில் எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர் ஒரு மனிதருக்கு வந்து ஒட்டிக்கொண்டதென்றால் சும்மா இல்லை. சரக்குப் பெட்டகங்களைத் தூக்கி அடுக்கும் கிரேனில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். கீழே ஒரு பெட்டகம் விரலகலம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் மேலிருந்தே சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டவர்கள் டேப் பிடித்து அளந்து பார்த்து, "அட, ஆமாப்பா" என்று தலையைச் சொறிவார்கள். வீட்டிலும் அதே கதைதான். சுவரில் மாட்டிய படம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதை நேராக்கிவிட்டு வந்துதான் தட்டின் முன் உட்காருவார்.

வேலை கிடைத்து மகள் வேறு ஊருக்குப் போனதும் பின்னறை காலியானது. அந்த அறைக்குள் பொம்மை ரயில் வந்தது அவருடைய சகலையால். சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவர். வியாபாரத்தை மூடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு சரக்கு இன்ஜின், எட்டு வேகன், ஒரு பெட்டி நிறையத் தண்டவாளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டில் இரண்டு பூனைகள். ஓடுகிற ரயிலைப் பார்த்துவிட்டு அவை கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? அதனால் பெட்டிகள் நேராக இங்கே வந்து இறங்கின.

"வட்டமா தண்டவாளம் போட்டுச் சுத்த விடப்போறோமா?" என்று கேட்டார் ரசமட்டம்.

"சுத்திச் சுத்தி வர்றதைப் பாக்கணும்னா உங்க வீட்டு ஃபேன் போதும்ணே. இது ஷண்டிங் விளையாட்டு" என்றார் சகலை.

விளையாட்டு இதுதான். நீளமான ஒரு பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று தண்டவாளம். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் வந்து சேரும் இடத்துக்கு முன்னால், இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு முட்டுப்பாதை. எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு. குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் கோத்து நீளத் தண்டவாளத்தில் நிறுத்த வேண்டும். கையால் தொடக்கூடாது, இன்ஜினை முன்னும் பின்னும் ஓட்டித்தான் சாதிக்க வேண்டும். யார் குறைந்த நகர்த்தலில் முடிக்கிறாரோ அவர்தான் கெட்டிக்காரர். தண்டவாளம் ஒரு வேகன் நீளம் கூடிப்போனால் விளையாட்டில் சுவாரசியம் இருக்காது. குறைந்துபோனால் விளையாடவே முடியாது.

கேட்டதும் ரசமட்டத்துக்குப் பிடித்துப்போயிற்று. அவர் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதானே. என்ன, இங்கே யாரும் வாக்கிடாக்கியில் கத்தமாட்டார்கள்.

பதினோரடிப் பலகையைச் சுவரோரம் இரும்புத் தாங்கிகளின் மேல் ஏற்றினார்கள். சுண்ணாம்புக் கயிற்றை இழுத்துப் பிடித்துத் தெறித்துக் கோடு போட்டார்கள். கோட்டின் மேல் கார்க் பட்டைகளை ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. சலூனுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைதோறும் சகலை மத்தியானமே வந்துவிடுவார். ரசமட்டம் காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வந்து, முகம் கழுவிவிட்டுச் சேர்ந்துகொள்வார்.

தண்டவாளம் கஜ நீளத் துண்டுகளாக இருந்தது. விருப்பப்படி வளைக்கலாம், நிமிர்த்தலாம். கார்க்கின் மேல் பசையை மெல்லிசாக இழுத்து, தண்டவாளத்தை அமுக்கி வைத்து, குண்டூசி குத்தி, அதன் மேல் கனமாக ஏதாவது ஏற்றிவிட்டால் மறுநாள் பிடித்துக்கொள்ளும். கனத்துக்குப் புத்தகங்கள் இருந்தன. ரசமட்டத்தின் மனைவி அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருப்பவள். அச்சுப் பிசகிய புத்தகங்கள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன. எடைக்குப் போக வேண்டிய சமையல் புத்தகங்கள் நாற்பது, நீளத் தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்தன.

மறுநாள் புத்தகங்களை எடுத்துவிட்டு, கன்னத்தைப் பலகையில் பதித்து, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்த்தார். இளம்வயதில் தச்சுப்பட்டறையில் இருந்தபோதே பழகிய பழக்கம். அவருக்குக் குறி பார்க்கிற கண் இடது கண்தான். பாதித் தூரத்தில் தண்டவாளம் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. பெரிய வளைவில்லை. மூங்கிலில் கணு இருக்குமே, அவ்வளவுதான். ஆனால் ரசமட்டத்தின் கண்ணுக்கு அது போதாதா?

அடுத்த செவ்வாய்க்கிழமை, சகலை வந்தவுடன் சொன்னார். "பெயர்த்துடலாம்."

"எதை?"

"தண்டவாளத்தை. வளைஞ்சு ஒட்டிக்கிச்சு."

சகலையும் குனிந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "எனக்கு நேராத்தாண்ணே தெரியுது."

"உங்களுக்கு வழுக்கைத் தலையிலகூட முடி தெரியும், சகலை."

சகலை சிரித்துவிட்டார். வெந்நீரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டு ஊறவைத்து, பட்டி பூசும் தகட்டால் நெம்பி எடுத்தார்கள். மிச்சப் பசையைச் சுரண்டிவிட்டு, புதிய துண்டுகளை எடுத்து மறுபடி ஒட்டினார்கள். மறுபடி நாற்பது சமையல் புத்தகம்.

மறுநாள் பார்த்தால் மறுபடி புடைப்பு. எழுந்து நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கணு அங்கேதான் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் பெயர்த்தார்கள். சகலை இந்த முறை சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை நனைத்தார்.

மூன்றாவது முறை வாய்த்தகராறாகிவிட்டது. ஒட்டிக் காய்ந்ததைப் பார்த்துவிட்டு, ரசமட்டம் தகட்டைத் தேடியபோது சகலை அதைக் கையில் பிடித்துக்கொண்டு தரவில்லை.

"அண்ணே, நான் கயிறு பிடிச்சுப் பாத்துட்டேன். நேராத்தான் இருக்கு. மூணு வாரமா நாம தண்டவாளம் போடலை, சுரண்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"சரக்கு சரியா இருந்தா எதுக்குச் சுரண்டணும்? மூடப்போற கடையில வெயில்ல காஞ்சுக்கிட்டு கிடந்ததை எல்லாம் தூக்கிட்டு வந்தா இப்படித்தான். கம்பியே முறுக்கிக்கிட்டு நிக்குது."

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடினீங்களே?"

"அன்னிக்குப் பெட்டியைப் பாத்தேன். இன்னிக்குத்தானே உள்ள இருக்கறதைப் பாக்கறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நேர்கோடு உங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். கிருதாவைக் கோணலா வெட்டினா ஒரு வாரத்துல வளந்து மறைஞ்சுடும். இது வளராது."

சகலை தகட்டைப் பலகையின் மேல் மெதுவாக வைத்தார். கையில் ஒட்டியிருந்த பசையை உரித்தபடியே, "வர்றேன்க்கா" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கு மறுநாள் மனைவியின் தங்கை போன் செய்தாள். "அக்கா, மாமா என்ன சொன்னாரு? இவரு ஒரு வாரமா உம்முன்னு இருக்காரு. கேட்டா, தொழிலைப் பத்திப் பேசிட்டாருன்னு மட்டும் சொல்றாரு."

ரசமட்டம் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது முறையும் பெயர்த்துவிட்டு, வேறொரு கடையில் புதுத் தண்டவாளம் வாங்கி வந்து, தானே தனியாக ஒட்டினார். இது கோடு கிழித்தாற்போல நேராக வரும் என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்தார்.

துவைத்த துணியை மடித்துக்கொண்டு வந்த மனைவி அறை வாசலிலேயே நின்றாள். அவர் பலகையில் முகத்தை வைத்தபடி அசையாமல் கிடந்தார்.

"ஏங்க, என்ன, தூங்கிட்டீங்களா?"

"இதுவும் வளைஞ்சிருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

அவள் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த எஃகு ஸ்கேலை எடுத்து வந்தாள். அச்சகத்தில் அட்டை வெட்ட வைத்துக்கொள்ளும் மூன்றடி ஸ்கேல். அதைத் தண்டவாளத்தின் ஓரத்தோடு சேர்த்து வைத்து, விரலால் தட்டிக்கொண்டே போனாள். "முடி நுழையாது. பாருங்க."

அவர் பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உன் ஸ்கேலும் வளைஞ்சிருக்கு."

"இந்த ஸ்கேல் வளைஞ்சிருந்தா, பதினெட்டு வருஷமா நான் வெட்டின புத்தகமெல்லாம் வாழைப்பழம் மாதிரி வந்திருக்கணும்." சிரித்துக்கொண்டே சொன்னவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "எங்க வளையுது? விரல் வச்சுக் காட்டுங்க."

வைத்தார்.

"இப்ப அதுக்கு ஒரு சாண் தள்ளிப் பாருங்க."

கண்ணை நகர்த்தினார். புடைப்பும் கூடவே நகர்ந்தது. திரும்பக் கொண்டுவந்தார். அதுவும் திரும்பி வந்தது. எங்கே பார்த்தாலும் அங்கேதான் இருந்தது, பார்வையின் நடுவில்.

"இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால பாருங்க."

நேராக இருந்தது. தண்டவாளம், ஸ்கேல் இரண்டும்.

அவர் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். கதவு நிலையைப் பார்த்தார். தரையில் ஓடுகள் சேரும் கோட்டைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால். இடது கண்ணுக்கு எல்லாமே நெளிந்தன. கம்பிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் ரேகைபோல ஏதோ ஒன்று மங்கலாக நின்றது. இதுநாள்வரை அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது வலது கண் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டிருக்கிறது.

"எத்தனை நாளா?" என்று மனைவி கேட்டாள்.

"தண்டவாளம் ஒட்ட ஆரம்பிச்சதிலேருந்து. அஞ்சு வாரம்."

"நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம். கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆஸ்பத்திரிக்கு மத்தியானம் போலாம். காலைல ஷிப்டு இருக்கு. வலது கண் நல்லாத்தானே இருக்கு?"

"மேல ஏறுறது நீங்க. கீழ நிக்கிறது யாரு?"

ஆனாலும் மறுநாள் காலை வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று மனைவிக்குத் தெரியும். அவளும் அன்று அச்சகத்துக்குப் போகவில்லை. வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யார்டில் கிரேனின் ஏணிக்குக் கீழே போய் நின்றார். முதல் படியில் கால் வைத்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து தொங்கிய நான்கு இரும்புக் கயிறுகளும் நெளிந்தன. அவற்றின் கீழே, தலைக்கவசத்தோடு, சைகை காட்டுகிற ஆள் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தருகே கையை வைத்துத் தூங்குவதுபோல அபிநயம் பிடித்து, "என்ன, இன்னும் முழிப்பு வரலையா?" என்று தூரத்திலிருந்தே கேலி செய்தார். அந்த முகத்தை இடது கண்ணால் பார்த்தபோது, மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கறை மட்டும் இருந்தது.

ரசமட்டம் படியிலிருந்து காலை எடுத்தார். நேராக ஃபோர்மேன் அறைக்குப் போனார்.

"வேற ஆளை ஏத்துங்க. எனக்கு நேரா இருக்கறது கோணலாத் தெரியுது."

ஃபோர்மேன் சிரித்தார். "என்ன ரசமட்டம், காலங்காத்தால ஜோக்கா?"

"ஜோக் இல்ல சார். இடது கண் போச்சுன்னு நினைக்கறேன்."

சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஃபோர்மேன் எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் ஒரு அட்டையைக் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட அட்டை. நடுவில் ஒரு கரும்புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்த்து, கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று சொல்லச் சொன்னார். ரசமட்டம் பென்சில் கேட்டு வாங்கி, எந்தக் கோடு எந்த இடத்தில் எவ்வளவு நெளிகிறது என்று பக்கத்துத் தாளில் வரைந்தே காட்டிவிட்டார். டாக்டரம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஒரு கண்ணு நல்லா இருந்தா யாருக்கும் சீக்கிரம் தெரியாதே."

"பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டேம்மா."

மனைவி மீதிக் கதையைச் சொன்னாள். சமையல் புத்தகம் வரைக்கும் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். விழித்திரைக்குப் பின்னால் தேவையில்லாத ரத்தக்குழாய் முளைத்து, நீர் கசிகிறது. கசிவு திரையை மேடாக்குவதால்தான் நேர்கோடு வளைகிறது. மருந்தை ஊசி வழியாகக் கண்ணுக்குள்ளேயே போட வேண்டும். மாதம் ஒன்றாக முதலில் மூன்று, பிறகு நிலைமையைப் பார்த்து. "அஞ்சு வாரம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லது. ஆனா நிறையப் பேரு அஞ்சு மாசம் கழிச்சுத்தான் வர்றாங்க. அப்ப எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியறதில்ல."

கண்ணுக்குள் ஊசி என்றதும், இருபத்திரண்டு வருஷம் காற்றில் தொங்கிய மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டபோது அவர் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. சொட்டு மருந்தில் கண் மரத்திருந்தது. ஒரு அழுத்தம், பிறகு பார்வைக்குள் கருப்புக் குமிழிகள் மிதந்தன. இரண்டு நாளில் அவை கரைந்துபோயின.

கிரேன் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு கண்ணும் சமமாக இருந்தால்தான் தூரம் பிடிபடும் என்று கம்பெனி மருத்துவர் எழுதிவிட்டார். வாயிற் கூண்டில் உட்கார்ந்து, வந்துபோகிற பெட்டகங்களின் முத்திரை எண்ணைச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தினமும் வீட்டில் சொன்னார். மனைவி தினமும் கேட்டுக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை என்று சொல்லியிருக்கிறார்கள். கிரேன் திரும்ப வரும் என்று அவரும் பெரிதாக நம்பவில்லை.

இரண்டாவது ஊசிக்கு மறுவாரம், வேலை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனார். சலூனில் கூட்டமில்லை. சகலை நாற்காலியைத் துண்டால் தட்டிக் காட்டினார். ரசமட்டம் உட்கார்ந்தார். சகலை வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார், தண்ணீர் தெளித்தார், சீப்பை எடுத்தார். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க" என்றார் சகலை. "கண்ணு இப்ப எப்படி?"

"நெளிவு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. சகலை, அந்தத் தண்டவாளத்துல ஒரு தப்பும் இல்ல. நீங்க கொண்டுவந்த சரக்கு, மூணு தடவையும் நேராத்தான் இருந்திருக்கு."

"அதுதான் எனக்குத் தெரியுமே."

"கிருதாவைப் பத்திச் சொன்னேனே..."

"அதை விடுங்கண்ணே."

"விட முடியாது. அது கண்ணு பேசினதில்ல, வாய் பேசினது. அதுக்கு டாக்டர்கிட்ட ஊசி கிடையாது. தப்பு என்னோடது."

சகலை கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினார். பிறகு காதோரம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிருதாவை ஒரே இழுப்பில் வெட்டினார். மறுபக்கமும் அதே மாதிரி. இரண்டு விரலை இரண்டு பக்கமும் வைத்து உயரம் பார்த்தார்.

"சரியா இருக்கா பாருங்க. வலது கண்ணாலயே பாருங்க."

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றார் சகலை. "அந்தச் சுரண்டுற தகட்டைத் தயவுசெஞ்சு கண்ணுல படாத இடத்துல வச்சுடுங்க."

ரசமட்டம் தனியாக ஒட்டிய நீளத் தண்டவாளம் அப்படியே இருந்தது. மற்ற இரண்டுக்கும், பெயர்த்துப் போட்ட துண்டுகளையே பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டார்கள். பாதை பிரிகிற இரண்டு பாயிண்ட்டுகளையும் பொருத்துவதுதான் கடைசி வேலை. பார்க்கிற வேலை சகலைக்கு, தொடுகிற வேலை ரசமட்டத்துக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். யாரும் பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி அமைந்தது. ஓரங்களைச் சகலை குனிந்து பார்த்துச் சொல்வார். துண்டோடு துண்டு சேரும் இடங்களை ரசமட்டம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடிப் பார்ப்பார்.

முதல் ஓட்டத்தில் இரண்டாவது பாயிண்ட் அருகே எண்ணெய் வேகன் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. தள்ளினாலும் இறங்கியது, இழுத்தாலும் இறங்கியது. சகலை எவ்வளவு பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ரசமட்டம் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் சுருக்கென்று தடுத்தது. இணைப்புத் தகட்டுக்குள் நுழைய வேண்டிய கம்பி அதன் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தாள் கனம்கூட இருக்காது. அதைக் கழற்றி, அரத்தால் முனையைத் தேய்த்து, திரும்பச் செருகினார். எண்ணெய் வேகன் ஒரு சத்தமும் இல்லாமல் கடந்து போயிற்று. சகலை அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று சாயங்காலமே சீட்டுக் குலுக்கினார்கள். சகலை முப்பத்தொரு நகர்த்தலில் முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ரசமட்டம் இருபத்திநாலில் முடித்தார். வேகன்களின் நிறத்தைப் பிரித்தறிய இரண்டொரு முறை தலையைத் திருப்பி வலது கண்ணைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மற்றபடி பழைய மிடுக்கோடுதான் ஓட்டினார்.

மேசையில் புத்தக அட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தானும் ஐந்து சீட்டு எடுத்தாள். பலகையைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓட்ட ஆரம்பித்தாள். மாவு வேகனை ஒதுக்கினாள், இரண்டை இழுத்தாள், ஒன்றை விட்டாள். பதினெட்டு.

"சீட்டு லேசா வந்துடுச்சு அக்காவுக்கு" என்றார் சகலை.

"அப்ப நீங்களே குலுக்கிக் குடுங்க தம்பி" என்றாள் அவள்.

சகலை குலுக்கினார். ரசமட்டம் நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணுவதற்குக் காகிதமும் பென்சிலும் எடுத்தார்.